கீழ்வயல் அரிசி

பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் நேரம். இலையில் புது அரிசிச் சோறு ஆவி பறக்கக் கிடந்தது.

முதல் சோறு சொந்த வயல் நெல்லில்தான் ஆக்கவேண்டும் என்பது பொன்னுலிங்கத்தின் குடும்ப வழக்கம். சொந்தம் என்று அவனுக்கு இருந்ததோ கீழ்வயல் ஒன்றுதான். அதற்கு மேலே, ஓடைக்கரையில், குமாரதாஸ் முதலாளியின் பாத்திரப் பட்டறை.

பட்டறையில் செம்பும் பித்தளையும் திராவகத்தில் குளித்து மினுங்கும். குளித்த தண்ணீர் நேராக வயலில் இறங்கும். சேறு பச்சைக் களிம்பேறிக் கிடந்தது.

அந்த நெல்லைத் தின்றால் உடம்புக்கு ஆகாது என்று ஊரில் பேச்சு கிளம்பியதும் முதலாளி அசரவில்லை. ஓட்டைக் குடத்தைத் தட்டிக் காட்டி, ஓசையைக் கேளுங்கள் என்று தலையில் கட்டிவிடுகிற ஆள் அவர். கடியப்பட்டணத்திலிருந்து வண்டி வண்டியாகச் சிப்பிச் சுண்ணாம்பு கொண்டுவந்து இறக்கினார். இதைப் போட்டு உழுது, கதிர் முற்றும்வரை தண்ணீர் வடியாமல் பார்த்துக்கொண்டால் களிம்பு சேற்றோடு நின்றுவிடும், நெல்லுக்குள் ஏறாது என்றார்.

விவசாய இலாகாக்காரரும் வந்து பார்த்து, கொஞ்சம் குறையும் என்றார். முதலாளி அதை ஊருக்குச் சொல்லும்போது 'கொஞ்சம்' உதிர்ந்து போயிருந்தது.

பொன்னுலிங்கம் மடையை விட்டு அகலாமல் காத்தான். கும்பப்பூப் போகம் நன்றாகவே விளைந்தது. பயிர் முன்போல மஞ்சள் பாயவில்லை, கதிரில் பதர் இல்லை. ஆனால் அரிசிக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

சோறூட்டுக்கு முதலாளியே வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கத்தின் மனைவி செல்லக்கனி அவருக்குத்தான் முதல் இலை போட்டாள்.

"மொதலாளி ஒரு வாய் சாப்பிட்டா, பெறகு பிள்ளைக்குக் குடுக்கலாம்."

முதலாளி சோற்றைப் பார்த்தார். இன்றைக்கு விரதம், அரிசி தொடுவதில்லை என்றார். எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை. விரதம் பருப்பு வடைக்குக் குறுக்கே நிற்கவில்லை, பழத்துக்கும் நிற்கவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, நன்றாக ஊட்டு மக்கா, தேறட்டும் என்று வாழ்த்திவிட்டு வண்டி ஏறினார்.

செல்லக்கனி அதே சோற்றை நெய்விட்டுக் குழையப் பிசைந்து பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

பொன்னுலிங்கம் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். அந்த ஆள் எழுந்து போனதைப் பார்க்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பிள்ளை வாயைத் திறந்தது. ஊட்டினாள்.

"இது பூதப்பாண்டியில எங்க அம்மை குத்தித் தந்த அரிசி. கீழ்வயலு நெல்லு உமியோட பத்தாயத்துலதான் கெடக்கு. மொதலாளி இத நம்ம வயலு அரிசின்னு நெனச்சுத் தின்னா, பெறகு அதக் குத்தலாம்னு இருந்தேன்."