வெட்டுப்பட்ட காம்பு

நேற்று மாலை எண்ணியபோது இருபத்தாறு கொத்து. இன்று, ஜூன் பதினாறு காலையில், இருபத்தைந்து.

சுமியே குடையைப் போட்டுவிட்டு அஜிசாய்ப் பூப்புதருக்குள் தலையை நுழைத்தாள். இருப்பதிலேயே பெரிய நீலக் கொத்துதான் போயிருந்தது.

காற்றின் வேலை இல்லை. கணுவுக்கு மேலே, சாய்வாக, கத்தரி வைத்த வெட்டு. செடி தெரிந்த கை.

பனிக்காலத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாய் நிற்கும் இந்தச் செடிக்குப் பதினோரு வருஷமாக வைக்கோல் போர்த்துகிறாள். நீலம் வெளுக்காமலிருக்கக் காப்பிச் சக்கை போடுகிறாள். ஜூலை முடிவதற்குள் கிளைகளை வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த வருஷத்து மொட்டு போய்விடும்.

இந்த ஜூலையில் யார் வெட்டுவது? கருப்பையில் கட்டி, இந்த மாதம் இருபதாம் தேதி அறுவை என்று டாக்டர் சொன்னதைப் பெற்ற மகனிடம்கூட அவள் சொல்லவில்லை. ஊரார் பாவம் பார்ப்பதை அவளால் தாங்க முடியாது.

திருடி யாரென்பதில் சந்தேகமே இல்லை. அடுத்த வீட்டு ஹருயோ. எதிலும் மூக்கை நுழைக்கிறவள். போன வாரம் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டாளே:

"மூணாம் நம்பர் பஸ்ல உங்களப் பார்த்தேனே சுமியே சான், எங்க போயிட்டு வந்தீங்க?"

தையல் நூல் வாங்க என்று சொல்லி வைத்தாள். அந்த பஸ் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். அங்கே நூல்கடை ஏது?

இன்றைக்குப் பூ போனது, நாளைக்கு ரகசியம் தெருவுக்குப் போகும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அவள் வாயும் அடங்கும்.

வெட்டுப்பட்ட காம்பின் மிச்சத்தை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள், பொருத்திப் பார்க்க. ஒரு பெட்டி இனிப்பும் எடுத்துக்கொண்டாள். திருடி வீடானாலும் வெறுங்கையோடு போக முடியுமா?

ஹருயோ தேநீர் போட எழுந்தாள். கூடத்தில் பூவைக் காணோம். கழிவறைக்குப் போகிற சாக்கில் சுமியே உள்ளே நோட்டம் விட்டாள்.

அந்தக் கழிவறையில்தான் தொங்கியது. வெள்ளைக் காகிதம் சுற்றி, சிவப்பு நூல் கட்டி, தலைகீழாக.

அவளுக்குத் தெரியாத வழக்கமா? ஜூனில், ஆறில் முடியும் நாளில், அடுத்த வீட்டுப் பூவைச் சொல்லாமல் வெட்டிவந்து, நோயாளியின் பெயரெழுதி இப்படிக் கட்டினால் பெண்களுக்கு வரும் நோய் இறங்கிவிடும். கேட்டு வாங்கினால் பலிக்காது. இதிலெல்லாம் சுமியேவுக்கு நம்பிக்கை கிடையாது.

பக்கத்திலேயே போன வருஷத்துக் கொத்து, பழுப்பாகக் காய்ந்து. அதன் காகிதத்தில் ஹருயோவின் பெயர். போன ஜூனில் ஒன்று குறைந்ததைச் சுமியே கவனிக்கவே இல்லை. மூன்றாம் நம்பர் பஸ்ஸில் ஹருயோ ஏன் போகிறாள் என்று கேட்டதும் இல்லை.

காம்பை எடுத்துப் புதுப்பூவின் அடியில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

காகிதத்தைத் திருப்பினாள். சுமியே என்று எழுதியிருந்தது. கீழே, என்றைக்கோ பேச்சுவாக்கில் சொன்ன அவள் பிறந்த தேதி.

தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்துத்தான் வெளியே வந்தாள்.

"ஜூலை முடியறதுக்குள்ள என் செடிய வெட்டிவிடணும். நான் இருக்க மாட்டேன்."

ஹருயோ கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள்.

"கணுவுக்கு மேல, சாய்வா. தெரியும்."