முதலாளிக்கு ஒரு பிடி அரிசி

நௌஷாத் எழுந்தான். பாயைச் சுருட்டினான், சாயாவுக்குத் தண்ணீர் வைத்தான், ஜன்னலைத் திறந்தான். முதலாளி ஏற்கெனவே வந்து காத்திருந்தார்.

“இன்னிக்காவது எடத்தைக் காலி பண்ணுங்க முதலாளி,” என்றான்.

முதலாளி கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் விளிம்பிலேயே எச்சமிட்டார்.

நௌஷாத் டப்பாவிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து அவர் முன்னால் போட்டான். தின்று முடித்ததும் துண்டை வீசித் துரத்தினான். முதலாளி எதிரே இஞ்சிக் குடோன் கூரைவரை பறந்துபோய், அங்கிருந்த சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தப் புறாவுக்குப் பெயர் வைத்தது அவன் மனைவி சுல்ஃபத். கடைசி மாதங்களில் அவள் கட்டில் ஜன்னலோரம்தான் கிடந்தது. சிறுநீரகக் கோளாறு. மூன்று வேளையும் உப்பில்லாக் கஞ்சி. அதை முறைத்துப் பார்த்துவிட்டு, “முதலாளிக்கு அரிசி போட்டீங்களா?” என்பாள். “இன்னிக்கு நல்லா கொழுத்திருக்காரு, பாத்தீங்களா?” என்பாள். அப்போது மட்டும் முகம் தெளியும்.

அவள் போன அன்று, அவளுடைய அம்மா நௌஷாதின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கடைசியா எம் மோள் என்ன சொன்னா?”

நௌஷாத் ஜன்னலைப் பார்த்தான். முதலாளி அங்கே இருந்தார்.

“‘முதலாளிய நோவிக்காதீங்க’ன்னா, மாமி.”

மாமி அதை வசியத்தாகவே எடுத்துக்கொண்டார். போகிறவள் சொல்லிவிட்டுப் போன சொல், மீறக் கூடாது. ‘சாகும்போதும் வாயில்லா ஜீவனை நினைத்த பெண்’ என்று மாமி இருந்த வைப்பின் தீவு முழுக்கப் பேச்சாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் கோழிகூட வாங்கவில்லை.

சங்கடம் பிறகுதான் வந்தது. மகள் லமியாவுக்கு இழுப்பு. புறா எச்சத் தூசி ஆகாது என்றார் டாக்டர். மாமி பேத்தியை வைப்பினுக்கே கூட்டிப் போய்விட்டார்.

“புறா போகட்டும், கொழந்தை வரும். ஆனா மோனே, ஒரு எறகுக்குக்கூட நோவு வரப்படாது.”

நௌஷாத் தன் கல்யாண சிடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். மின்னினால் புறா மிரளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதலாளி சிடியில் தன்னைப் பார்த்தார். கழுத்தை உப்பிக்கொண்டு, குர்ர் குர்ர் என்று அதன் முன்னால் சுற்றிச் சுற்றி ஆடினார்.

ரப்பர் பாம்பு வாங்கி வைத்தான். அதையும் சுள்ளியோடு சேர்த்து முதலாளியும் சொந்தபந்தமும் கூடு கட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் தெளித்தான். குளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுல்ஃபத்தின் தம்பி ரஃபி வந்தான். தோளில் ஒரு பழைய மீன் வலை.

“மச்சான், நான் சொல்றதக் கேளுங்க. ஒரு கூண்டு மதி, அது போதும். பிடிச்சுக் கறிக்கடைக்காரன்கிட்ட—”

“வசியத்து,” என்றான் நௌஷாத்.

“ஷரி, ஷரி. அதான் வலை கொண்டாந்தேன்.”

பேசிக்கொண்டே நௌஷாத் டப்பாவைத் திறந்தான், ஒரு பிடி எடுத்தான், ஜன்னலில் போட்டான். ரஃபி வாயைப் பிளந்தான்.

“அய்யோ மச்சான்! விருந்தும் வெக்கிறீங்க, வெரட்டவும் செய்றீங்க. புறாக்குப் பிராந்து பிடிச்சு மண்டை கொழம்பிராதா?”

நௌஷாத் தன் கையைப் பார்த்தான். இத்தனை நாளும் அது தானாகவே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

“அவ போடச் சொல்வாளே,” என்றான்.

ரஃபி வலையைக் கீழே வைத்தான். பிறகு டப்பாவை மெல்ல வாங்கி மூடி, பரண்மேல் வைத்தான். “மதி மச்சான். இனி அது வெளிய போய்த் தின்னுக்கும்.”

ஜன்னல் விளிம்பில் ஒரு பலகையைச் சரிவாக வைத்து ஆணி அடித்தார்கள். ஜன்னலுக்கு வலையை, கால் சிக்காதபடி விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். ஆணிக்கு மட்டும்தான் காசு.

மறுநாள் முதலாளி வந்து இறங்கினார். சறுக்கினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். மறுபடி சறுக்கினார். அரிசியும் இல்லை. குடோன் கூரைக்குப் போய், ஒன்றுமே நடக்காத மாதிரி இறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மாமி போட் ஏறி வந்தார். கூடவே லமியா. மாமி ஜன்னல் விளிம்பை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய், தலையை ஆட்டினார்.

“கொழந்தை இங்கேயே இருக்கட்டும்,” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன மனசு எம் மோளுக்கு! இன்னொருக்கச் சொல்லு மோனே, கடைசியா என்ன சொன்னா?”

“‘முதலாளிய நோவிக்காதீங்க’ன்னா, மாமி.”

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “நன்னி போய்ட்டு வாரேன் மோளே,” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

லமியா வலை வழியே குடோன் கூரையைப் பார்த்தாள். முதலாளி இன்னும் கொஞ்சம் பருத்திருந்தார்.

“அத்தா, அம்மாக்கு அந்தப் புறான்னா அவ்ளோ இஷ்டமா?”

“ரொம்ப இஷ்டம்.”

“நெஜமா அப்படித்தான் சொன்னாங்களா? நன்னிகிட்ட சொல்லமாட்டேன். சத்தியமா.”

நௌஷாத் கதவைப் பார்த்தான். மாமியின் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியிருந்தது. அவன் குனிந்து, மகளின் காதில், சுல்ஃபத் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

“அந்த முதலாளியப் பிடிச்சு ஒரு சூப்பு வெச்சுத் தாங்க… உப்புப் போட்டு.”