நோய் வயல்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வயலின் கதை சொல்கிறேன்.

ஓர் ஊரில் ஆண்டுக்கு ஒரு வயலுக்கு வேண்டுமென்றே, நெல்லைப் பதராக்கும் குலைநோயைக் கொடுப்பார்கள். அது வாடும் வாடையை உணர்ந்து, மற்ற வயல்களெல்லாம் மருந்தில்லாமலே நோயைத் தாங்கப் பழகிவிடும். எந்த வயல் என்று சீட்டுக் குலுக்கியதில், இந்த முறை பவுனாம்பாள் வயலுக்கு விழுந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த மகளுக்குத் தன் வயல் அரிசியில்தான் முதல் சோறு ஊட்டுவதென்று அவள் எண்ணியிருந்தாள்.

நோய் கலந்த தண்ணீரோடு வரப்பில் நின்றவளுக்குக் கை எழவில்லை.

"என்னடி, பயிரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் பக்கத்து வயல் மரகதம்.

"சூலு கட்டி நிக்கிதுக்கா. எப்படித் தெளிப்பேன்?"

"போன வருசம் என் வயலுக்குச் சீட்டு விழுந்தப்ப நானும் இப்படித்தான் நின்னு அழுதேன். உன் வயலு பொழைச்சுது."

பவுனாம்பாள் தெளித்தாள். அறுவடையில் அவளுக்குப் பதர்தான் மிஞ்சியது.

குழந்தைக்குச் சோறூட்டும் நாளில் ஊரார் வந்து, வீட்டுக்கு ஒரு பிடி புது அரிசியை அவள் உலையில் போட்டார்கள். பதரைப் புடைத்துத் தேடியெடுத்த ஒன்பது நெல்லை உரித்து அவளும் போட்டாள்.

சோற்றைப் பிசைந்தவள் தயங்கினாள். "எது என் வயலுப் பருக்கைன்னு தெரியலியேக்கா."

"எல்லாமே உன் வயலுதான்டி. ஊட்டு" என்றாள் மரகதம்.

உங்கள் வீட்டு உலையும் ஓயாமல் கொதிக்கட்டும் கண்ணுகளா. உங்கள் பிள்ளைகளின் வயிறு குளிரட்டும்.