இருபது சதவீத வெளிச்சம்

"யாரு இந்த லைட்டைத் தொட்டது?"

நாலு நாள் வெளியூர் வேலை முடிந்து வந்தவனின் கத்தலில் வீடே அதிர்ந்தது. ஹாலில் ஆறடி நீளத்துக்கு அவனே பார்த்துப் பார்த்துக் கட்டிய கடல்நீர் மீன்தொட்டி அது. அதன் புது விளக்கை இருபது சதவீத வெளிச்சத்தில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். மீறினால் உள்ளே வளரும் உயிர்ப் பவளம் வெந்துவிடும். வெந்தேவிட்டது. பச்சையும் ஊதாவுமாக இருந்ததெல்லாம் எலும்பாக வெளுத்துக் கிடந்தது. ரிமோட்டோ நூறு என்று காட்டியது.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டுத்தானே போனேன்! நீயா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க!" மனைவியும் விடவில்லை. "உங்க பொண்ணைக் கேளுங்க."

"நான் அந்தப் பக்கமே போறதில்லப்பா," மகள் முறைத்தாள்.

"அப்ப பேயா வந்து கூட்டி வச்சுது?"

சத்தம் கேட்டு அவனுடைய அப்பா சுவரைப் பிடித்தபடி அறையிலிருந்து வந்தார். அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ரூம்ல பல்பு மங்கலா இருக்குன்னு இப்ப ஆரம்பிக்காதீங்கப்பா. ஒரே மாசத்துல ரெண்டு தடவை மாத்தியாச்சு!"

"அதில்லடா. இந்த வெளிச்சத்தை நான்தான் கூட்டினேன். நாலு நாளா கூட்டிக் கூட்டிப் பாக்கறேன்..." கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்தார். "அப்பவும் மீன் ஒண்ணைக்கூடக் காணோம். எல்லாம் செத்துப்போச்சாடா? நீ வந்தா வருத்தப்படுவியேன்னு யார்கிட்டயும் சொல்லல."

அவர் மூக்குக்கு நேரே, ஒரு விரல் தூரத்தில், ஆரஞ்சு மீன்கள் ஏழும் நீந்திக்கொண்டிருந்தன.