முப்பத்தாறு பேரின் சராசரி

2016 ஓகஸ்ட் 9, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். கூட்டுத்தொகையை முப்பத்தாறால் பிரிக்காமல் நாற்பதால் பிரித்துவிட்டேன்.

ஜனவரியில் எங்கள் கரையோரக் கிராமத்தில் இரத்த அழுத்தம் கூடிய நாற்பது பேரைப் பதிந்தோம். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் அளப்பது என் வேலை. அந்த நாற்பது மனதில் நின்றுவிட்டது. இடையில் நான்கு பேர் இறந்துபோனார்கள்.

திட்டப் பொறுப்பாளர் லாபிர் நானா என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“மௌத்தானவங்களயும் சேத்தா புள்ள பிரிச்ச? அவங்களுக்கு எங்க பிரஷர்?”

கூட்டத்துக்கு வந்திருந்த மற்றத் தொண்டர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவரே திருத்தினார். ஜனவரியில் சராசரி 162. இப்போது 156. ஆறு இறங்கியிருக்கிறது.

ஐந்து இறங்கினாலே இலக்கு எட்டியதாகக் கணக்கு. இலக்கு எட்டிய ஊரில் வேலை முடிந்தது. அளக்கும் கருவியும், நோயாளரை மாதாமாதம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஏற்றிப்போகும் வானும் நாளையிலிருந்து வேறு ஊருக்கு.

கை தட்டினார்கள். ரோல்சும் பட்டர் கேக்கும் வந்தன.

மாலைக் கணக்கு வகுப்பில் கற்ற முறையில் தாளின் பின்பக்கத்தில் ஒருமுறை செய்து பார்த்தேன். இறந்த நால்வரின் அளவுகளை ஜனவரிக் கணக்கிலிருந்தும் கழித்தேன். நான்கும் இருநூறுக்கு மேல்.

மிச்ச முப்பத்தாறு பேரின் சராசரி ஜனவரியிலும் 156.

எனக்குத்தான் கணக்குப் பிழைக்கிறது என்று மூன்று தரம் செய்தேன்.

“நானா, ஜனவரிக் கணக்கிலயிருந்தும் அவையை எடுக்க வேணுமெல்லோ?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கேக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“அது போன ரிப்போட் புள்ள. அனுப்பியாச்சு.”

கையொப்பமிடச் சொன்னார். இட்டேன்.

இன்று காலை மக்தலேனா அக்காவுக்கு அளந்தபோது 210. தலவிலத் தேவாலயத் திருவிழாச் சனத்துக்குக் கருவாடு விற்கப் போய், வானைத் தவறவிட்டிருந்தார். மாத்திரை முடிந்து ஒன்பது நாள். அடுத்த வானில் கட்டாயம் ஏறுவேன் என்றார். சரி அக்கா என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவரையும் கழித்துப் பார்த்தேன். சராசரி இன்னும் ஒன்றரை இறங்குகிறது.

நாளை: மக்தலேனா அக்காவை ஆறரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. கருவியை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பிந்தும்.