பவுடர் ஒட்டிய கை

மாற்றுத்திறனாளிகள் சான்று முகாமில் துணைக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. பொன்னுராசு சுவரைத் தடவிக்கொண்டே தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன குறை?" டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"பட்டாசுக் கம்பெனி வெடிச்சதுல ரெண்டு கண்ணும் போச்சுங்கய்யா. நீங்க சான்று குடுத்தாத்தான் பென்சன் தருவாகளாம்."

"சரி, இங்க கைரேகை வைங்க."

மேஜைமேல் நீண்ட வலது கையில், பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் மினுங்கியது. டாக்டர் பேனாவை மூடினார்.

"காலையில வெடி மருந்து அள்ளிட்டு, மத்தியானம் குருடன் வேஷமா? எந்தக் கம்பெனியில வேலை?"

"வேலையா? நாலு வருசமா வீட்டுலதான்யா கெடக்கேன்."

"அதான் கை சொல்லுதே. சான்றும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெளிய போய்யா."

சத்தம் கேட்டு, வாசலில் நின்ற பொன்னுராசுவின் மனைவி அய்யம்மாள் உள்ளே வந்தாள். கணவனின் கையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் டாக்டரின் முன்னால் விரித்தாள். முழங்கை வரை அதே பவுடர்.

"மருந்து அள்ளுறது நான். பாதி வேலையில ஓடியாந்து, இந்தக் கையாலதான் இவுகளை வாசல்வரைக்கும் பிடிச்சுக் கூட்டியாந்தேன். கையை அம்புட்டு உத்துப் பாத்தீகளே, கண்ணைப் பாத்தீகளா?"