தவலைக்குள் தலை

"எத்தினி தபா சொல்லிக்கீறேன்? தவலைக்குள்ள தலைய வுடாத, மாட்டிக்கும்னு சொன்னா கேட்டியாடி?"

தாயம்மாவின் குரல் அன்றைக்கு வெண்கல மணி போலக் கணீரென்று இருந்தது. நாகப்பன் கையோடு இழுத்துக்கொண்டு வந்த ஈயம் பூசும் வரதனுக்கு, பருத்திப்பட்டு ஏரிக்கரையிலேயே அது கேட்டது.

"பெத்தவ பேச்சக் கேக்காத கழுதைங்களுக்கு இதான் கெதி!"

"இன்னா அண்ணாத்தே, உம்பொண்டாட்டி இப்பிடி ஏசுது? பொண்ணுக்கு வயசு இன்னா?"

"ஆறு. காலையிலேர்ந்து இதே பாட்டுதான்," என்று சலித்துக்கொண்டான் நாகப்பன். "நீ தவலைய வெட்டிடு."

"வெட்டுவியா? எங்கப்பன் குடுத்த சீருய்யா அது!" என்று உள்ளேயிருந்து சீறினாள் தாயம்மா. "ஜப்பான்காரன் சண்டையில வேற பித்தள எங்க கெடைக்கும்? ஒரு ஒடுக்கு வுழுந்துது, சும்மா வுடமாட்டேன்!"

'உசுரவிட தவல பெருசா? இப்பிடியும் ஒரு தாயா?' என்று முணுமுணுத்தபடி வரதன் குனிந்து வீட்டுக்குள் நுழைந்தான்.

மகள் கன்னியம்மா மூலையில் உட்கார்ந்து, அம்மா ஒளித்துவைத்த வெல்லத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். நடுவீட்டில், கழுத்துவரை தவலையோடு நின்றிருந்தாள் தாயம்மா.

வரதன் தவலையை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான். "எப்பிடிம்மா மாட்டுச்சி?"

"தலைய வுட்டா எப்பிடி மாட்டிக்கும்னு எனக்கு செஞ்சி காட்டுச்சி. கொண்ட மாட்டிக்கிச்சி," என்றாள் கன்னியம்மா.

தவலை அவள் பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

"பாத்துக்கினியாடி? இனிமேலாவது சொல்பேச்சு கேளு!"